"அவர்கிட்ட சொல்லிடாதீங்க, டாக்டர்": புற்றுநோய்ச் செய்தியும் நோயாளியின் உரிமையும்

புற்றுநோய்ப் பிரிவில் நோயாளியை எடை பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ செவிலியர் வெளியே அழைத்துச் சென்றதும், உடன் வந்தவர்களில் ஒருவர், பெரும்பாலும் மகனோ மருமகனோ, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்பார். தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு இந்த வாசகம் மனப்பாடம். வந்தவர் கூலித் தொழிலாளியானாலும் வங்கி அதிகாரியானாலும் சொற்கள் சற்று மாறுமே தவிர வேண்டுகோள் மாறாது. மருத்துவர் அதற்குத் தலையசைப்பதும் மறுப்பதும் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் நோயாளிக்கும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் இடையே அடுத்த பல மாதங்களுக்கு எந்தப் பேச்சு நடக்கும், எது நடக்காது என்பதை அந்த அரை நிமிடம் தீர்மானித்துவிடுகிறது.

சொல்வதா, மறைப்பதா என்று இரண்டே வழிகளாக இதைப் பார்ப்பதுதான் வழக்கம். அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. சொல்லியே தீர வேண்டும் என்று வாதாடுபவரும் சொல்லவே கூடாது என்று கெஞ்சுபவரும் நோயாளியைக் கேட்காமல் முடிவெடுப்பதில் ஒன்றுபட்டுவிடுகிறார்கள். தன் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரை உடன் வைத்துக்கொண்டு கேட்க விரும்புகிறார், தான் கேட்பதைவிடப் பிள்ளைகளிடமே பேசிவிடச் சொல்கிறாரா என்பதையெல்லாம் அவரிடமே கேட்க முடியும். அப்படிக் கேட்பதற்கு முறை உண்டு. அதைக் கற்றுக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

மறைப்பது நம் பண்பாட்டுக்கே உரியது என்று சிலர் சொல்வார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டிஸின் மரபில் வந்த நூலொன்று, சிகிச்சையின்போது பெரும்பாலானவற்றை நோயாளியிடமிருந்து மறைக்கும்படியும், அவருடைய இப்போதைய நிலையையோ வரப்போவதையோ வெளிப்படுத்தாமல் இருக்கும்படியும் மருத்துவருக்கு அறிவுரை கூறுகிறது. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறை, மருத்துவரின் செயலால் மட்டுமல்லாமல் சொல்லாலும் நடந்துகொள்ளும் விதத்தாலும்கூட நோயாளியின் ஆயுள் குறையக்கூடும் என்று எச்சரித்தது. அர்ஜென்டினா அதிபரின் மனைவி ஈவா பெரோன் 1952இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் என்பதே அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில் சிறுகுடல் புற்றுநோயால் காலமானபோதுதான் அவருடைய நோயின் பெயர் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் அன்றிருந்த வழக்கப்படி மருத்துவர்கள் அவரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மாற்றம் நேர்ந்த வேகத்தை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இரண்டு கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 1961இல் சிகாகோவிலுள்ள ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழ 90 சதவீதத்தினர் புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதையே விரும்பினர். 1979இல் அதே கேள்விகளை இன்னொரு மருத்துவமனையில் கேட்டபோது, 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் மனிதர்களின் நெஞ்சுரம் கூடிவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் கீமோதெரபியும் கதிர்வீச்சும் பலரைப் பிழைக்க வைத்தன. நோயாளியின் ஒப்புதல் சட்டப்படி கட்டாயமானது. புற்றுநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் சூழல் உருவானது. பண்பாடு என்று நாம் நினைப்பது சூழல் மாறினால் தானும் மாறிவிடும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இப்படிச் சொல்வதால் மகனின் வேண்டுகோளை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வீடுகளில் நோய் ஒருவருக்கு வந்தாலும் அது குடும்பத்தின் சொத்துக் கணக்கிலும் சமையலறையிலும் உறக்கத்திலும் சேர்ந்தே வருகிறது. பணம் புரட்டுவது பிள்ளைகள், மருத்துவமனைக்கு அலைவது மருமகள், எந்த ஊருக்குப் போவது என்று முடிவெடுப்பது மாமா. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் மரணம் என்றே காதில் விழும்படி பல பத்தாண்டுத் திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அப்பாவை அந்தச் சொல் தாக்காமல் தடுப்பது தன் கடமை என்று மகன் நினைப்பதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அன்பு நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி. குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்கள் ஐந்து பேர் கூடி, தொண்டையில் ஆறாத புண் என்று அவரிடம் சொல்வதாக முடிவு செய்தோம். மருத்துவமனையின் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. அங்கிருந்த மருத்துவர் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு, மொத்தம் முப்பத்தைந்து முறை. கோப்பை நாங்களே கையில் வைத்துக்கொள்வோம், பலகையில் உள்ள பிரிவின் பெயர் கண்ணில் படாதபடி பக்கவாட்டு வழியாக அழைத்துச் செல்வோம், மருந்துக் கடையிலும் ஒருவர் முந்திக்கொண்டு போய்ச் சீட்டை நீட்டுவோம். மூன்றாவது வாரம் ஒருநாள் காத்திருக்கும் கூடத்தில், தலையில் துணி சுற்றியிருந்த ஓர் அம்மா அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை கரண்ட் ஆச்சுங்க?" என்று கேட்டார். கதிர்வீச்சை அங்கே எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா என்னைப் பார்க்காமலே, "பதினொண்ணு முடிஞ்சிருக்கும்மா. இன்னும் இருபத்துநாலு" என்றார். அந்த அம்மா தன் நோயின் பெயரைச் சொன்னார். இவரும் தன் நோயின் பெயரைச் சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மறைப்பு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. பிரிவின் பெயர்ப் பலகை, முடி கொட்டுவது, பக்கத்துப் படுக்கைக்காரர், கைபேசியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கும் பேரன் என்று செய்தி நுழைய ஆயிரம் வழிகள் இருக்கின்றன. விளக்கம் சொல்லவோ ஆறுதல் தரவோ கேள்விக்குப் பதில் அளிக்கவோ யாரும் இல்லாத நேரத்தில் அது அவரை வந்தடைகிறது. அதற்குப் பிறகு மறைப்பு இருபக்கமும் நடக்கிறது. பிள்ளைகள் மனமுடைந்துவிடுவார்கள் என்று அப்பா தெரியாததுபோல் இருப்பார். அப்பா மனமுடைந்துவிடுவார் என்று பிள்ளைகள் சிரித்துப் பேசுவார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் ஒன்றையே நினைத்துக்கொண்டு அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். நோயாளிக்கு அதிகம் பேச வேண்டியிருக்கும் காலத்தில் அவர் தனியாகிவிடுகிறார்.

சிகிச்சையிலும் இது பாதிப்பை உண்டாக்குகிறது. வெறும் புண்ணுக்கு இவ்வளவு கடுமையான மருந்து எதற்கு என்று புரியாதவர், முதல் கீமோவின் வாந்தியும் வாய்ப்புண்ணும் வந்ததும், மருந்துதான் உடம்பைக் கெடுக்கிறது என்று நம்பி நாட்டு மருந்தைத் தேடிப் போய்விடுவதைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் அறிவார்கள். நோய் முற்றிய நிலையிலோ இழப்பு இன்னும் பெரிது. எஞ்சியிருக்கும் காலத்தை எப்படிச் செலவிடுவது, நிலத்தை விற்று இன்னொரு சுற்று மருந்துக்குப் போவதா, மகள் திருமணத்தை முன்னதாக வைத்துக்கொள்வதா, எந்த வீட்டில் படுத்திருப்பது என்பதெல்லாம் அவருடைய முடிவுகள். நிலைமை தெரியாமல் அவரால் அவற்றை எடுக்க முடியாது. 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புப் பராமரிப்பும் (வலி, மூச்சுத்திணறல் போன்ற துன்பங்களைக் குறைக்கும் சிகிச்சை) சேர்த்துப் பெற்றவர்கள் இறுதிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். அந்தப் பராமரிப்பில் உண்மையைப் பேசுவது ஒரு பகுதி மட்டுமே என்பதால் முழுப் பெருமையையும் பேச்சுக்குத் தந்துவிட முடியாது. ஆனாலும், உண்மை தெரிந்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. தொடர்ந்து, நோயாளி, அவருடைய உறவினர்கள் அல்லது பொறுப்பான நண்பர்கள், நோயாளியின் நலனுக்கும் குடும்பத்தின் நலனுக்கும் வேண்டிய அளவு நிலைமையை அறிந்திருக்கிறார்களா என்று மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று சொல்கின்றன. அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில்தான் பாதி சாத்திய கதவு நிற்கிறது. மகனிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று அதைப் படித்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கான ஒப்புதலில் அந்த இடம் இல்லை. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நோயறியும் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கு அது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்குப் பதிலாக உறவினர் தரும் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். 2018இல், இறுதிக் காலத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனக்கு என்ன நோய் என்பதே தெரியாதவர் எதை எழுதி வைப்பார்?

இனி, சொல்லும் முறைக்கு வருவோம். கெட்ட செய்தியை அறிவிப்பதற்கென்று 2000ஆம் ஆண்டில் வட அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் வெளியிட்ட, 'ஸ்பைக்ஸ்' எனப்படும் ஆறு படி வழிமுறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. இடத்தை ஒழுங்கு செய்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, எழும் உணர்ச்சிக்கு முகம்கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது என்பன அந்தப் படிகள். மருத்துவர்கள் பெரும்பாலும் நான்காவது படியிலேயே நேராகக் காலை வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் இந்த முறையின் உயிர்.

"இதுவரைக்கும் மத்த டாக்டருங்க உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், வியப்பான அளவுக்கு வெளியே வரும். "ஏதோ கட்டின்னாங்க, ஆனா கட்டிக்கு இங்க எதுக்கு அனுப்புறாங்க" என்று நோயாளியே பாதி வழி வந்துவிடுவார். அடுத்து, "டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. அதைப் பத்தி முழுசா தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல என்ன செய்யணும்னு மட்டும் சொன்னா போதுமா? வீட்ல யாரையாவது கூட வெச்சுக்கிட்டுப் பேசலாமா?" என்று கேட்கலாம். சிலர், "எல்லாத்தையும் பையன்கிட்ட சொல்லிடுங்க, நான் தெரிஞ்சு என்ன செய்யப்போறேன்" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவு. அதை மதிக்க வேண்டும். மகன் கேட்டுக்கொண்டதால் மறைப்பதற்கும், தகப்பனார் தானாகவே பொறுப்பை மகனிடம் ஒப்படைப்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

செய்தியைச் சொல்லும்போது ஒரு முன்னறிவிப்பு வேண்டும். "நாம எதிர்பார்த்த மாதிரி ரிசல்ட் வரல" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பிறகு சில நொடி இடைவெளி. பிறகு நோயின் பெயரை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டி, வளர்ச்சி, மாஸ் என்று சுற்றிச் சுற்றிப் பேசினால் கேட்பவர் தனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்வார். 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தி என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. பெயரைச் சொன்னதும் வரும் மௌனத்தை மருத்துவர் உடனே நிரப்பக் கூடாது. இதுதான் மிகக் கடினம். நம்மில் பெரும்பாலோர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் சிகிச்சையின் பெயர்களையும் சதவீதங்களையும் அடுக்கத் தொடங்குகிறோம். கேட்பவர் காதில் அப்போது எதுவும் ஏறுவதில்லை.

தவிர்க்க வேண்டிய வாசகங்களும் உண்டு. "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்பது கேள்வியே அல்ல, அதற்குப் பதில் சொல்லி யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, குற்றவுணர்வு மட்டும் சாகும்வரை தங்கும். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பது உண்மையும் அல்ல. புற்றுநோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியை, மூச்சுத்திணறலை, புண்ணின் வாடையை, உறக்கமின்மையைக் குறைக்கச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

கதவைப் பாதி சாத்திய மகனிடம் என்ன பேசுவது? சட்டத்தைக் காட்டி வாயடைப்பதால் அவர் அப்பாவை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுவார். வலிதணிப்பு மருத்துவர்கள் முதலில் அவரை உட்காரச் சொல்லி, சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். முன்பு ஒரு சித்தப்பா செய்தி கேட்டுப் பூச்சிமருந்தைக் குடித்த கதை அப்போதுதான் வெளியே வரும். பிறகு, இவ்வளவையும் ஒளித்துவைத்துக்கொண்டு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பல மகன்கள் முதன்முதலாக அழுவது அந்தக் கேள்விக்குத்தான். அதன் பிறகு ஓர் ஒப்பந்தம்: "நானா போய் அவர்மேல எதையும் திணிக்க மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன தெரியும்னு மட்டும் கேட்டுப் பாக்குறேன், நீங்களும் கூட இருங்க." இதற்கு மறுப்புச் சொல்லும் குடும்பங்கள் குறைவு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம். புறநோயாளர் சீட்டுடன் வாசலில் நூறு பேர் நிற்கும்போது மருத்துவரின் மனிதத்தன்மையை மட்டும் குறைசொல்வது அநியாயம். ஆனாலும் இரண்டு அளவீடுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டு நேரத்தைக் கணக்கிட்டார்கள். அவர்கள் தாமாகப் பேசி நிறுத்த எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 நொடி. 1999இல் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், புற்றுநோய் மருத்துவர் பேசும் காணொளியில் பரிவான சில வாக்கியங்களை, மொத்தம் 40 நொடி அளவுக்கு, சேர்த்தபோது பார்த்த பெண்களின் பதற்றம் குறைந்தது. மருத்துவக் கல்வியிலும் தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றுக்கான தனிப் பாடப்பகுதி 2018இல் வகுக்கப்பட்டு, 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதைத் தேர்வுக்காக எழுதி மறக்காமல், மூத்த மருத்துவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவும் தேவையில்லை, முடியவும் முடியாது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று இது குறித்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே சொன்னதைத் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுப்பதும், "வீட்ல போய் அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பதும், அடுத்த முறை வரும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு வரச் சொல்வதும் மருந்துச் சீட்டுக்கு இணையான வேலைகள்.

பெரியப்பாவிடம் அப்படிச் சொன்னவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பழைய மருத்துவர் விடுப்பில் போயிருந்த வாரம் அவர் வந்தார்; கரண்ட் இருபதைத் தாண்டியிருந்தது. நாங்கள் முந்திக்கொண்டு பேசியதைக் கேட்டுக்கொண்டு, பெரியப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பி, "ஐயா, உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார். பெரியப்பாவுக்குக் குரல் சரியாக வரவில்லை. "செவ்வாய்க்கிழமை எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பெரியப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்தது, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள். பின்பக்கம் மூன்று வரி. பேச்சு திரும்ப வருமா. தை அறுப்புக்கு ஊரில் இருக்கலாமா. மூன்றாவது: இது பேத்திக்கு ஒட்டுமா. மருத்துவர் தன் பேனாவை எடுத்து, முதல் இரண்டையும் விட்டுவிட்டு, மூன்றாவதன் எதிரே "ஒட்டாது" என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டுத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கைக்குழந்தையைத் தூக்கி நீட்டும்போதெல்லாம் கை வலிக்கிறது என்று அவர் மூன்று மாதமாக விலகிப் போனதற்கான காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.